பல்சரின் காந்தப்புலமும் ஓட்டமும்: வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடுவது எப்படி

துடிக்கும் விண்மீன்களான பல்சர்களின் பட்டியல்களில் மேற்பரப்புக் காந்தப்புலம் என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் 3.8 × 10¹² காஸ் (காந்தப்புலத்தின் அலகு) என்பது மாதிரி ஓர் எண் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. இரண்டே இரண்டு அளவுகளைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவதுதான் அது. நீங்களே ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். பல்சர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதல் தொல்லை, அவ்வளவே. இரண்டையும் தனித்தனியாக விளக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டத்தைக் கழிக்காமல் காந்தப்புலத்தைப் போட்டால் சில பல்சர்களுக்கு விடை இரண்டு மடங்கு தப்பாக வரும் என்பதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. நான் அதில் மாட்டிக்கொண்டு முழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

தேவையானவை இரண்டுதான். ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர், போனைக் குறுக்கே திருப்பினால் வருமே, அதுவே போதும். அப்புறம் ஆஸ்திரேலியாவின் ஏடிஎன்எஃப் பல்சர் பட்டியல். இணையத்தில் இலவசம், 3,500க்கும் மேல் பல்சர்கள் இருக்கின்றன. பல்சரின் பெயரைக் கொடுத்து, வேண்டிய நெடுவரிசைகளை டிக் செய்தால் அட்டவணை வந்துவிடும். நமக்கு வேண்டியவை: பி0 (சுழற்சிக் காலம், நொடியில்), பி1 (அந்தக் காலம் நீளும் வீதம், இதை இனி மந்த வீதம் என்கிறேன்), பிஎம்ஆர்ஏ, பிஎம்டெக் (வானத்தில் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் வருடத்துக்கு எத்தனை மில்லி ஆர்க்நொடி நகர்கிறது), பிஎக்ஸ் (இடமாறு, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது பல்சர் வானத்தில் சற்று இடம் மாறித் தெரியும் அளவு; இதிலிருந்து தூரம் கிடைக்கும்), டிஸ்ட் (தூரம், கிலோபார்செக்கில்; ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு). ஆர்க்நொடி என்பது ஒரு பாகையில் 3,600ல் ஒரு பங்கு, மில்லி ஆர்க்நொடி அதில் ஆயிரத்தில் ஒன்று. காந்தப்புலம், வயது, வேகம் எல்லாவற்றுக்கும் அங்கேயே நெடுவரிசை உண்டு. முதலில் அவற்றை டிக் செய்யாதீர்கள். நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு, சரிபார்க்க மட்டும் திறங்கள்.

பல்சர் என்றால் என்ன என்று நீட்டி முழக்கப் போவதில்லை. பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் நியூட்ரான் விண்மீன், சூரியனைவிடக் கொஞ்சம் அதிக எடை, ஒரு நகரத்தின் அகலம், கலங்கரை விளக்கம் போல ரேடியோக் கற்றையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். 1967ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சர் 1.337 நொடிக்கு ஒரு தடவை துடித்தது. போதும், கணக்குக்குப் போவோம்.

முதல் கணக்கு: காந்தப்புலம்

காந்தம் ஒன்று தன் அச்சுக்குச் சாய்வாக நின்று சுழன்றால் மின்காந்த அலை வெளியேறும். அந்த ஆற்றல் சுழற்சியிலிருந்துதான் போக வேண்டும், ஆகவே சுழற்சி மந்தமாகும். வலுவான காந்தம் என்றால் சீக்கிரம் மந்தமாகும். இதைத் திருப்பிப் போட்டால், எவ்வளவு சீக்கிரம் மந்தமாகிறது என்பதிலிருந்து காந்தம் எவ்வளவு வலு என்று சொல்லிவிடலாம்:

காந்தப்புலம் (காஸ்) = 3.2 × 10¹⁹ × √(சுழற்சிக் காலம் × மந்த வீதம்)

நண்டு நெபுலாவில் இருக்கும் பி0531+21 பல்சரை எடுத்துக்கொள்வோம். காலம் 0.0334 நொடி. மந்த வீதம் 4.2 × 10⁻¹³; நொடிக்கு நொடி என்பதால் இதற்கு அலகு கிடையாது. கேட்கச் சின்னதாகத் தோன்றும், ஆனால் ஒரு நாளில் 86,400 நொடி இருக்கிறதே, பெருக்கினால் நாள் ஒன்றுக்கு 36 நானோநொடி காலம் நீள்கிறது, ரேடியோ தொலைநோக்கிக்கு இது சர்வசாதாரணமாகத் தெரியும். இரண்டையும் பெருக்க 1.4 × 10⁻¹⁴, மூலம் 1.18 × 10⁻⁷, மாறிலியால் பெருக்க 3.8 × 10¹² காஸ். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவுதான். ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ இயந்திரம் 15,000 முதல் 30,000 காஸ். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காலத்தை நொடியில்தான் போட வேண்டும். மில்லிநொடியில் போட்டுவிட்டு, நண்டு பல்சருக்கு 10¹⁴ காஸ் வந்துவிட்டது, மேக்னட்டாரை (காந்தப்புலம் மிகமிக வலுவான நியூட்ரான் விண்மீன்) கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிக்காதீர்கள்.

அதே இரண்டு எண்களை வைத்து வயதும் போடலாம்: காலத்தை மந்த வீதத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள், வரும் நொடிகளை 3.156 × 10⁷ஆல் வகுத்தால் வருடம். நண்டுக்கு 1,260 வருடம் வரும். இந்த விண்மீன் வெடித்ததைச் சீனர்கள் 1054ல் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள், ஆக உண்மையான வயது ஆயிரத்தை நெருங்குகிறது. கால் பங்கு பிசகு. பிறந்தபோது இன்னும் படுவேகமாகச் சுற்றியிருக்கும், முழுக்கக் காந்த இருமுனையால்தான் (வடக்கு, தெற்கு என இரு துருவமுள்ள எளிய காந்தம்) மந்தமாகிறது என்றெல்லாம் நாம் வைத்துக்கொண்ட அனுமானங்களின் விலை அது. வயதிலேயே இவ்வளவு பிசகென்றால் காந்தப்புலத்தில் எவ்வளவு இருக்கும்?

சொல்கிறேன். 3.2 × 10¹⁹ என்ற மாறிலிக்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஆரம் 10 கி.மீ., நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்றுவதற்குக் காட்டும் எதிர்ப்பு) 10⁴⁵ கிராம் செ.மீ.², காந்த அச்சு சுழல் அச்சுக்குச் செங்குத்து. இதில் ஆரம் மூன்றாம் அடுக்கில் வருகிறது, அதனால் 10க்குப் பதில் 12 என்று வைத்தாலே மற்றதெல்லாம் அப்படியே இருக்க விடை 1.7 மடங்கு குறையும். தவிர, இந்த எண் காந்த நடுக்கோட்டில் உள்ள புலம்; துருவத்தில் இரண்டு மடங்கு. சிலர் கட்டுரைகளில் துருவ மதிப்பைக் கொடுப்பார்கள், சிலர் நடுக்கோட்டு மதிப்பை, ஒப்பிடும்போது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருமுனை மட்டுமே காரணம் என்றால் மந்தமாகும் விதத்தைக் காட்டும் பிரேக்கிங் குறியீடு சரியாக 3 வர வேண்டும். நண்டுக்கு 2.5, வேலா என்ற இன்னோர் இளம் பல்சருக்கு 1.4. என் பழக்கம், தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. எழுதினால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அச்சுகளுக்கு இடையே உள்ள கோணத்தை அறிய வேறு வழி இருக்கிறது, அதில் நம்மூர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர் வெங்கட்ராமன் ராதாகிருஷ்ணன், சர் சி. வி. ராமனின் மகன். 1969ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் வேலா பல்சரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் அலையின் முனைவாக்கக் கோணம் (அலை அதிரும் திசை) வழுக்கிக்கொண்டே திரும்புவதைக் கவனித்தார். காந்தத் துருவத்திலிருந்து விரியும் புலக்கோடுகளை நம் பார்வைக்கோடு குறுக்கே வெட்டிப் போகிறது, அதனால்தான் இந்தத் திருப்பம் என்று அவரும் குக் என்பவரும் விளக்கினார்கள். துடிப்பின் நடுவில் கோணம் எவ்வளவு செங்குத்தாகத் திரும்புகிறது என்பதிலிருந்து காந்த அச்சின் சாய்வை ஊகிக்கலாம். காந்தத்தின் வடிவத்தைக் கிட்டத்தட்ட கண்ணால் பார்க்கும் முறை இது. வலுவைச் சொல்லாது, சாய்வைச் சொல்லும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பட்டியலில் ஆர்எம் (வரும் வழியில் அலையின் முனைவாக்கம் எவ்வளவு திரும்பியது), டிஎம் (வழியில் மொத்தம் எவ்வளவு எலெக்ட்ரான் இருக்கிறது) என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும், ஆர்எம் காந்தப்புலத்தோடு தொடர்புடையது என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது பல்சரின் காந்தப்புலம் அல்ல. பல்சருக்கும் நமக்கும் இடையே உள்ள வெளியில் பரவிக்கிடக்கும் பால்வழியின் காந்தப்புலம். ஆர்எம்மை டிஎம்மால் வகுத்து 1.23ஆல் பெருக்கினால் வழியில் நம் பார்வைத் திசையில் உள்ள சராசரிப் புலம் மைக்ரோகாஸில் கிடைக்கும். நண்டுக்கு ஆர்எம் சுமார் −42, டிஎம் 56.8, போட்டால் 0.9 மைக்ரோகாஸ். கழித்தல் குறி வந்தால் புலம் நம்மை விட்டு விலகும் திசையில் இருக்கிறது. விண்மீனின் மேல் 10¹² காஸ், வழியில் காஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இரண்டாவது கணக்கு: ஓட்டம்

ஓட்டத்துக்கு இரண்டு தகவல் வேண்டும், வானத்தில் எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது. நகர்வை உலகம் முழுக்கப் பரப்பி வைத்த ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்துப் படம் எடுத்து நேரடியாக அளக்கலாம். இல்லையென்றால் கடிகாரத்தை வைத்து. பூமி சூரியனைச் சுற்றும்போது துடிப்புகள் ஒரு பக்கத்தில் 499 நொடி வரை முந்தியும் மறுபக்கத்தில் அவ்வளவே பிந்தியும் வரும், அந்த வித்தியாசத்தைக் கழிக்கப் பல்சர் எந்தத் திசையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். திசையில் ஒரு ஆர்க்நொடி பிசகினால் 2.4 மில்லிநொடி உயரத்துக்கு வருடாந்தர அலை ஒன்று, கழித்தபின் வரும் மிச்சத்தில் நெளியும். அந்த அலை வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போனால் பல்சர் நகர்கிறது என்று அர்த்தம். இளம் பல்சர்களில் இந்த முறை சொதப்பும், காரணம் அவை திடீர் திடீரென்று சுழற்சி வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். வேலா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படித் துள்ளும்; ஊட்டி ரேடியோ தொலைநோக்கியிலும் இந்தத் துள்ளல்களைக் கண்காணித்திருக்கிறார்கள்.

நமக்கு அளந்த எண்கள் கையில் இருக்கின்றன, எனவே:

குறுக்கு வேகம் (கி.மீ./நொடி) = 4.74 × நகர்வு (மில்லி ஆர்க்நொடி/வருடம்) × தூரம் (கிலோபார்செக்)

நகர்வு என்பது இரண்டு திசைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தது. வேலாவுக்கு −49.7, 29.9, மொத்தம் 58. தூரம் இடமாறு முறையில் 0.287 கிலோபார்செக். வேகம் 79 கி.மீ./நொடி. இதில் சூரியனின் ஓட்டமும் பால்வழியின் சுழற்சியும் கலந்திருக்கின்றன, அவற்றைக் கழித்தால் 61. வேலா ஒரு சாது.

பி1508+55 அப்படியில்லை. நகர்வு −73.6, −62.6, மொத்தம் 96.6. தூரம் 2.37. போட்டால் 1,085 கி.மீ./நொடி. 2005ல் இடமாறையும் நகர்வையும் சேர்த்து அளந்து அறிவித்தபோது, வேகம் 1,000 கி.மீ./நொடியைத் தாண்டுகிறது என்று இப்படி நேரடியாக உறுதியான முதல் பல்சர் இது. சூரியன் இருக்கும் இடத்தில் பால்வழியை விட்டுத் தப்பிக்கச் சுமார் 550 போதும். ஆக இது திரும்பி வரப்போவதில்லை.

நான் இதே பல்சருக்கு முதல்முறை போட்டபோது 845தான் வந்தது. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வான ஆயங்களில் கிழக்கு மேற்கு நகர்வை நடுவரை விலக்கத்தின் (வான நடுக்கோட்டிலிருந்து உள்ள கோணம்) கோசைனால் பெருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்தது ஞாபகம் வந்து பெருக்கிவிட்டேன். பட்டியலில் ஏற்கெனவே பெருக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி பெருக்காதீர்கள்.

தூரம்தான் இந்தக் கணக்கின் பலவீனமான கால். பிஎக்ஸ் நெடுவரிசையில் இடமாறு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பலாம் என்று சொல்ல மாட்டேன், பிழையளவு சின்னதாக இருந்தால் நம்பலாம். இடமாறு இல்லையென்றால் டிஎம் வைத்து, வழியில் எவ்வளவு எலெக்ட்ரான் இருக்கிறது என்ற மாதிரியைக் கொண்டு போட்ட தூரம் இருக்கும், அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சரியும். கிட்டார் நெபுலாவை இழுத்துக்கொண்டு ஓடும் பி2224+65ஐப் பாருங்கள். 2005ல் டிஎம் தூரத்தை வைத்து 1,600 கி.மீ./நொடி என்றார்கள், பட்டியலிலேயே அதிவேகங்களில் ஒன்று. பிற்பாடு இடமாறு அளந்தபோது தூரம் 0.83 கிலோபார்செக் என்று வந்தது, நகர்வு 194, போட்டால் 763. பாதிக்கும் கீழே. வேகமான பல்சர் என்று எங்கே படித்தாலும் தூரம் எப்படி வந்தது என்பதை முதலில் பாருங்கள்.

நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகத்தை அளக்க முடியாது. சாதாரண விண்மீன் என்றால் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதைப் பார்க்கலாம், பல்சரின் ரேடியோ அலையில் அப்படிக் கோடு எதுவும் இல்லை. துடிப்பின் காலமே மாறியிருக்குமே என்று கேட்பீர்கள். மாறித்தான் இருக்கும், ஆனால் மாறாமல் இருந்தால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

இப்போது இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும்

ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, நேரான தண்டவாளத்தில் போகும் ரயிலைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரியாக நமக்கு நேரே வரும் கணத்தில் ரயில் நம்மை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அடுத்த நொடியிலிருந்து மெல்ல விலகத் தொடங்கும், அதற்கடுத்த நொடி இன்னும் வேகமாக விலகும். ரயில் ஒரே வேகத்தில்தான் போகிறது, ஆனால் நமக்கும் அதற்கும் உள்ள தூரம் முடுக்கத்தோடு கூடுகிறது. பல்சரும் குறுக்கே போகும்போது இதுவேதான் நடக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிடக் கூடுதலான தாமதத்தோடு வந்து சேரும், நம் கடிகாரத்துக்குப் பல்சர் மந்தமாவது போலவே தெரியும். உண்மையில் அது மந்தமாகவே வேண்டியதில்லை. சோவியத் வானியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி 1970ல் சுட்டிக்காட்டியதால் அவர் பெயரிலேயே இதைச் சொல்கிறார்கள். அளவு இவ்வளவு:

போலி மந்த வீதம் = 2.43 × 10⁻²¹ × காலம் × நகர்வின் வர்க்கம் × தூரம்

அலகுகள் மேலே சொன்ன அதே நொடி, மில்லி ஆர்க்நொடி, கிலோபார்செக். வேலாவுக்குப் போடுங்கள்: 2 × 10⁻¹⁹ சுமார். உண்மையாக அளந்தது 1.25 × 10⁻¹³. ஆறு லட்சத்தில் ஒரு பங்கு, விட்டுவிடலாம். சாதாரணப் பல்சர்களில் இதை மறந்தாலும் குடி முழுகாது.

சில மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் மில்லிநொடிப் பல்சர்களில்தான் கதை மாறுகிறது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜே0437-4715ஐ எடுப்போம். காலம் 0.00576 நொடி, அளந்த மந்த வீதம் 5.73 × 10⁻²⁰, நகர்வு 121.4, −71.5, மொத்தம் 140.9. தூரம் 0.157 கிலோபார்செக். முதலில் எதையும் கழிக்காமல் போட்டால் காந்தப்புலம் 5.8 × 10⁸ காஸ், வயது 160 கோடி வருடம். இப்போது போலி வீதம்: 2.43 × 10⁻²¹ × 0.00576 × 19,850 × 0.157, அதாவது 4.36 × 10⁻²⁰. அளந்ததில் முக்கால் பங்கு பொய்! மிச்சம் 1.37 × 10⁻²⁰ மட்டுமே உண்மையான மந்தம். அதை வைத்து மறுபடி போட்டால் காந்தப்புலம் 2.8 × 10⁸ காஸ், வயது 670 கோடி வருடம். புலம் பாதியானது, வயது நாலு மடங்கானது. இத்தனைக்கும் இது ஓடும் குறுக்கு வேகம் 105 கி.மீ./நொடிதான், பல்சர் உலகில் நடுத்தரம்கூட இல்லை.

எல்லா மில்லிநொடிப் பல்சருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பி1937+21 வானத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது, நகர்வு அரை மில்லி ஆர்க்நொடிகூட இல்லை, கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆக ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் திருத்திய மதிப்புகளுக்குப் பெயரின் கடைசியில் ஐ சேர்த்துத் தனி நெடுவரிசை வைத்திருக்கிறார்கள், அதைத்தான் எடுக்க வேண்டும்.

கால்குலேட்டர் எரர் காட்டினால் பயப்பட வேண்டாம், மந்த வீதத்தில் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம்15 என்ற கோளக் கொத்தில் (விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் உருண்டைக் கூட்டம்) உள்ள பி2127+11ஏ அப்படித்தான், வேகம் கூடிக்கொண்டே போவதாகத் தெரியும். கொத்தின் ஈர்ப்பு அதை நம் பக்கமாக இழுத்து முடுக்குவதால் வரும் தோற்றம் அது. அங்கே இந்தச் சூத்திரத்தால் காந்தப்புலம் கிடைக்காது, கோளக் கொத்துக்குள் இருக்கும் பல்சர்களை மொத்தமாக ஒதுக்கி வையுங்கள்.

கடைசி வேலை: இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுவது

இவ்வளவு தூரம் வந்தபின் யாருக்கும் தோன்றும் கேள்வி, வலுவான காந்தம் உள்ளது வேகமாக ஓடுமா? இதை 1983லேயே ஆண்டர்சன், லைன் என்ற இருவர் கேட்டு, ஆமாம், தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். கையில் இருந்தது இருபத்துச் சொச்சம் பல்சர்களின் நகர்வுகள். அது மட்டும் உண்மையாக இருந்தால் பெரிய விஷயம், பிறக்கும்போது விண்மீனை உதைத்துத் தள்ளியது காந்தப்புலம்தான் என்று ஆகிவிடும். அளவுகள் பெருகப் பெருக அந்தத் தொடர்பு நீர்த்துப்போனது. நாம் போட்ட கணக்குகளிலேயே அது தெரிகிறது. வேலாவுக்குக் காந்தப்புலம் 3.4 × 10¹², வேகம் 61. பி1508+55க்குக் காலம் 0.74, மந்த வீதம் 5 × 10⁻¹⁵, போட்டால் புலம் 1.9 × 10¹², வேலாவைவிடக் குறைவு, வேகமோ பதினேழு மடங்குக்கும் மேல். இப்போது பெரும்பாலோர் சொல்வது, வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே சீராக நடக்காததால் கிடைத்த உதை என்றுதான். வெடிப்பில் பறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் உந்தத்தில் ஒரு சதவீதம் ஒருபக்கமாகச் சாய்ந்தாலே நொடிக்கு 400 கி.மீ. வந்துவிடும்.

நீங்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் இறக்கி ஒரே வரைபடத்தில் போட்டால் மட்டும் அழகாக ஒரு சாய்வு வரும், ஏமாறாதீர்கள். இடது மூலையில் 10⁸ காஸில் கிடப்பவை மில்லிநொடிப் பல்சர்கள், வலது பக்கம் 10¹² காஸில் சாதாரணப் பல்சர்கள். 2005ல் ஹாப்ஸ் குழுவினர் 233 பல்சர்களைத் தொகுத்தபோது முதல் வகையின் சராசரிக் குறுக்கு வேகம் 87, இரண்டாம் வகைக்கு 246. முதல் வகை மெதுவாகப் போவதற்குக் காரணம் காந்தம் அல்ல. அவை ஜோடி விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சித்தான் அந்தச் சுழற்சியைப் பெற்றன, உதை பலமாக இருந்திருந்தால் ஜோடியே பிரிந்திருக்கும், உறிஞ்ச ஆளே இருந்திருக்காது. மெல்ல உதைபட்டவை மட்டுமே அந்த மூலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காலம் 0.03 நொடிக்குக் கீழே உள்ளவற்றை நீக்கிவிட்டு, இடமாறு அளந்த தூரம் உள்ளவற்றை மட்டும் வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.